புகையான் மருந்துக்குப் பழகவில்லை: பிள்ளைகளுக்குப் பரிணாமத்தைச் செய்து காட்டும் வழி

சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர் நூலகத்தின் பின்கட்டில் பதினைந்து பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஏதாவது அறிவியல் செய்துகொண்டிருப்பேன். ஒருமுறை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "எங்க வயல்ல புகையான் மருந்துக்குப் பழகிடுச்சு சார், எவ்வளவு அடிச்சாலும் சாக மாட்டேங்குது" என்றான். புகையான் என்பது நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. அப்பா வீட்டில் சொன்னதை அப்படியே கொண்டுவந்திருந்தான். நெல் போடும் ஊரில் யாரைக் கேட்டாலும் இதே வாக்கியம்தான் வரும். மருந்து தேய்த்தும் தலையில் பேன் போகாதபோது பாட்டிகள் சொல்வதும் இதுதான்.

அந்தப் 'பழகிடுச்சு' என்ற சொல்லில்தான் வினை இருக்கிறது. காரம் தின்று தின்று நாக்கு பழகுவது போல ஒவ்வொரு பூச்சியும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைத் தாங்கக் கற்றுக்கொண்டது என்று நினைக்கவைக்கிற சொல் அது. வயலில் நடந்த கதை வேறு. மருந்து அடித்ததும் பெரும்பாலானவை செத்தன. பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கும் உடல்வாகு வாய்த்த சில மட்டும் தப்பின. அடுத்த தலைமுறை முழுக்க அந்தச் சிலதின் வாரிசுகள். நாலைந்து முறை இப்படியே நடந்தால் வயலெல்லாம் தாங்குகிற வகைதான் மிஞ்சும். ஒரு பூச்சிகூடத் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. எந்த வகை எத்தனை என்ற கணக்குதான் மாறியது.

பரிணாமத்தில் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லித்தரலாம் என்று யாராவது கட்டுப்பாடு போட்டால் நான் இதைத்தான் எடுப்பேன். வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எண்ணிப் பார்க்கவைத்தால் நிற்கும். எப்படி எண்ணவைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. முன்பின் செய்தறியாத ஆசிரியர், பெற்றோர், நூலகத்தில் தன்னார்வமாக வருகிற கல்லூரி மாணவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

இறங்குவதற்கு முன்

10 முதல் 14 வயதுப் பிள்ளைகள், ஐந்து சனிக்கிழமை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். பதினைந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். சேர்த்தால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஆய்வகம் வேண்டாம். வண்ணத்தாள், பூப்போட்ட பெட்ஷீட், வெள்ளை வேட்டி, சணல் கயிறு, காலித் தீப்பெட்டிகள், கொஞ்சம் பயறு வகை, இரண்டு கோழி இறக்கை. செலவு முந்நூறு நானூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

பொருளைவிடச் சொற்களைத்தான் முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 'பரிணாம வளர்ச்சி' என்கிறோம். 'வளர்ச்சி' என்று சொன்னதுமே பிள்ளைகள் மனதில் ஒரு ஏணி வந்துவிடும்: கீழ்ப்படியில் புழு, மேல்படியில் நாம். வெறுமனே 'பரிணாமம்' என்றால் போதும். 'இயற்கைத் தேர்வு' என்றால் பரீட்சை என்று எடுத்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு, சிரிக்காதீர்கள். பொறுக்கி எடுப்பது என்று ஒரு தடவை விளக்கிவிட்டு அப்புறம் பாடநூல் சொல்லுக்குப் போகலாம். எல்லாவற்றையும்விட வில்லங்கமானது நம் '-கொள்' வினை. 'ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டிக்கொண்டது', 'பச்சோந்தி சூழலுக்கு ஏற்பத் தகவமைத்துக்கொண்டது' என்று சொல்லும்போது விலங்கு உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. எங்கள் கூட்டத்தில் '-கொண்டது' என்று யார் சொன்னாலும், நான் உட்பட, உண்டியலில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். அதிகம் போட்டது நான்தான்.

பாடத்திட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு மாநிலப் பாடத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமம் இருக்கிறது. மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி 2023-இல் வெளியிட்ட பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அந்தப் பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. அந்தப் பாடத்திட்டத்தில் படித்து, பதினொன்றில் கணக்கோ வணிகமோ எடுக்கிற பிள்ளை இதை எங்கேயும் பார்க்காமலே பள்ளியைத் தாண்டிவிடலாம். உங்கள் கூட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் இருந்தால் அவர்களுக்கு முன்வரிசை கொடுங்கள்.

முதல் வாரம்: பட்டாணியை உரியுங்கள்

அரைக் கிலோ பச்சைப் பட்டாணிக் காய் வாங்குங்கள். பிள்ளைகள் ஒவ்வொரு காயாக உரித்து உள்ளே எத்தனை மணி என்று எண்ணட்டும். தரையில் சாக்பீஸால் 1, 2, 3 என்று வரிசையாக எழுதி, அந்தந்த எண்ணுக்கு மேலே காலித் தோலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிற ஒரு குன்று தரையில் நிற்கும். வரைபடம் போடக் கற்றுத்தந்த மாதிரியும் ஆயிற்று.

பட்டாணி கிடைக்காத மாதங்களில் அவரை, வேர்க்கடலை, ஒரே வேப்பமரத்து இலைகள் எதுவானாலும் சரி. ஒரே இனத்துக்குள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை என்பது கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி மண்ணாலும் தண்ணீராலும் வருவது, ஒரு பகுதி மட்டுமே பெற்றோரிடமிருந்து வருவது என்பதை மட்டும் சொல்லிவையுங்கள். பின்னால் தேவைப்படும். பட்டாணியை வீணாக்க வேண்டாம், சுண்டல் போடுங்கள்.

இரண்டாம் வாரம்: துணி விளையாட்டு

மொத்தத் திட்டத்துக்கும் இதுதான் உயிர். அவசரப்படாமல் செய்யுங்கள். ஒரே வாரத்தில் முடியாவிட்டால் இரண்டு வாரம் எடுத்தாலும் பரவாயில்லை.

பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று நான்கு நிற வண்ணத்தாள்களை விரல்நக அளவுக்கு வெட்டி, நிறத்துக்கு நூறு வீதம் தீப்பெட்டிகளில் போட்டுக்கொள்ளுங்கள். இவை பூச்சிகள். பச்சை நிறம் தூக்கலாக இருக்கும் பூப்போட்ட பெட்ஷீட் ஒன்றைத் தரையில் விரியுங்கள். இது காடு. மின்விசிறியை அணையுங்கள். முதல் தடவை நான் அணைக்க மறந்து, மூன்று தலைமுறைப் பூச்சிகள் ஒரே நிமிடத்தில் அலமாரிக்கு அடியில் குடிபோய்விட்டன.

நிறத்துக்கு 25 என்று மொத்தம் 100 பூச்சிகளைத் துணி முழுக்கத் தூவுங்கள். தூவும்போது பறவைகள் திரும்பி நிற்க வேண்டும். ஐந்து பிள்ளைகள் பறவைகள்; ஆளுக்கு ஒரு டம்ளர். விதி இது: பார்வையில் முதலில் படுகிற பூச்சியை எடுத்து டம்ளரில் போடு, நிமிர்ந்து ஒரு சுற்று சுற்று, மறுபடி குனிந்து அடுத்ததை எடு. தடவித் தேடக் கூடாது. ஆளுக்குப் பதினைந்து ஆனதும் நிறுத்து. 75 போனது, 25 மிச்சம்.

மிச்சத்தை மற்றப் பிள்ளைகள் நிறவாரியாகப் பிரித்து எண்ணிப் பலகையில் எழுதட்டும். தப்பிய ஒவ்வொரு பூச்சிக்கும் அதே நிறத்தில் மூன்று குட்டி. மறுபடி 100. திரும்பத் தூவுங்கள், அடுத்த சுற்று. உதாரணத்துக்கு, முதல் சுற்றில் பச்சை 12, சிவப்பு 6, மஞ்சள் 4, வெள்ளை 3 தப்பினால் இரண்டாம் சுற்று 48, 24, 16, 12 என்று தொடங்கும். இரண்டாம் சுற்றின் முடிவில் பச்சை 18, சிவப்பு 5, மஞ்சள் 2, வெள்ளை ஒன்றுகூட இல்லை என்றாகலாம். மூன்றாவது தலைமுறையில் 72, 20, 8, பூஜ்யம். உங்களுக்கு வேறு எண்கள் வரும். வரட்டும்.

இங்கே நிறுத்தி ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்தத் தாளாவது நிறம் மாறியதா?" ஒரு நொடி அமைதி இருக்கும். இல்லை, ஒரு தாளும் மாறவில்லை. ஆனால் கூட்டம் பச்சையாகிவிட்டது. புகையான் சொன்ன பையன் இந்த இடத்தில் தலைநிமிர்ந்தான்.

இப்போது பெட்ஷீட்டை உருவிவிட்டு வெள்ளை வேட்டியை விரியுங்கள். பனி கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். "இப்ப எது தப்பும்?" "வெள்ளை!" என்று கூவுவார்கள். "சரி, எடுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். பெட்டியில் வெள்ளைத் தாள் இருக்கிறது, ஆனால் காட்டில் வெள்ளைப் பூச்சி எதுவும் உயிரோடு இல்லை. பிறகு குட்டி எங்கிருந்து வரும்? "ஆனா அதுக்கு இப்ப வெள்ளை தேவைப்படுதே" என்று யாராவது வாதாடுவார்கள். தேவைப்பட்டால் வந்துவிடுமா? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று நம்மூரில் சொல்வதை இந்த இடத்தில் சொன்னால் அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அடுத்த சுற்றில் திடீர் மாற்றத்தைக் கொண்டுவாருங்கள். நிறங்கள் எழுதிய சீட்டுகளைக் குலுக்கிப் போட்டு, பிறக்கிற 75 குட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் சீட்டில் வரும் நிறத்தைக் கொடுங்கள். பெட்ஷீட் காட்டில் வெள்ளைச் சீட்டு வந்தால் அந்தக் குட்டி பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். வேட்டிக் காட்டில் அதே சீட்டு வந்தால் கூட்டமே பிழைத்துப் பெருகலாம். சீட்டுக்கு எந்தத் துணி விரித்திருக்கிறது என்று தெரியாது. மாற்றம் குருட்டாம்போக்கில் வருகிறது, பொறுக்குவது குருட்டாம்போக்கில் நடப்பதில்லை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

நேரம் இருந்தால் பறவைகளின் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு சுற்று விடுங்கள். இதை மட்டும் தடவித்தான் எடுக்க வேண்டும். அப்போதும் எண்ணிக்கை கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனால் ஒரே திசையில் போகாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு சுற்று என்பது ஆராய்ச்சியில் ஏன் அவசியம் என்று பாடம் நடத்தாமலே புரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பையன்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அதுவரை வீட்டில்கூடக் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். எல்லோர் முன்னாலும் அதைப் போட்டுடைக்காதீர்கள். பறவைக்குப் பறவை பார்வை வேறு, அதனால் தப்புகிற பூச்சியும் வேறாகும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வீட்டாரிடம் தனியாகப் பேசுங்கள்.

விளையாட்டு முடிந்த சூட்டோடு மான்செஸ்டர் கதையைச் சொல்லுங்கள். அந்த இங்கிலாந்து நகரத்தில் வெளிர் நிறத்தில் கரும்புள்ளி போட்ட அந்துப்பூச்சிகள் மரத்தண்டில் உட்கார்ந்து மறைந்திருக்கும். 1848-இல் அங்கே முழுக்கறுப்பு அந்துப்பூச்சி ஒன்று பதிவானது. ஆலைப் புகையில் மரங்கள் கறுத்துக்கொண்டே போக, வெளிர்ப் பூச்சிகள் பறவைகளின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தன. 1895 வாக்கில் அந்தப் பகுதியில் 98 சதவீதம் கறுப்பு. 1956-இல் காற்று மாசைத் தடுக்கச் சட்டம் வந்தது, புகை குறைந்தது, மரங்கள் வெளிறின. வெளிர்ப் பூச்சிகள் மீண்டும் பெருகின. பெட்ஷீட், வேட்டி, மறுபடி பெட்ஷீட். பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அலகு விளையாட்டு, சுருக்கமாக

கரண்டி, துணி மாட்டும் கிளிப், புருவம் எடுக்கும் சின்ன இடுக்கி ஆகியவை அலகுகள். தட்டில் கேழ்வரகு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, தோலோடு வேர்க்கடலை. அரை நிமிடத்தில் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பிறகு பஞ்சம் என்று சொல்லிச் சின்னத் தானியங்களை அகற்றிவிட்டு மறுபடி. குன்றிமணி அழகாக இருக்கிறதென்று எடுத்துவராதீர்கள், அது கடும் விஷம். சின்னப் பிள்ளை ஒன்றைக் கடித்தாலும் ஆபத்து.

இது பரவலாகச் செய்யப்படும் விளையாட்டுதான். ஆனால் பிள்ளைகள் கரண்டியை ஒரு பறவை என்று எடுத்துக்கொண்டு, பறவை அலகை மாற்றிக்கொள்ளும் என்ற பழைய பள்ளத்திலேயே விழுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் துணி விளையாட்டுக்குப் பிறகு வைப்பதே நல்லது. கூடவே பசிபிக் கடலில் இருக்கும் காலாபகஸ் தீவுகளின் உண்மைக் கதையும் வர வேண்டும். டாப்னே மேஜர் என்ற சின்னத் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் ஆண்டுதோறும் குருவிகளைப் பிடித்து அலகை அளந்துவந்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. மெல்லிய சிறு விதைகள் தீர்ந்து, கடினமான பெரிய விதைகளே மிஞ்சின. தடித்த அலகுக் குருவிகள் அதிகம் தப்பின. அவற்றின் குஞ்சுகளுக்கும் சராசரி அலகு தடித்திருந்தது. வித்தியாசம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். 1983-இல் பெருமழை கொட்டிச் சிறு விதைகள் குவிந்ததும் சிற்றலகுக் குருவிகளின் கை ஓங்கியது. ஏணியில் ஏறுகிற கதையாக இருந்தால் இப்படித் திரும்பி வருமா?

மூன்றாம் வாரம்: ஏடு எழுதும் விளையாட்டு

உறவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் பிள்ளைகளுக்கு மாயமாகத் தெரிகிற இடம். "பார்க்க ஒரே மாதிரி இருந்தா சொந்தம்" என்பார்கள். வவ்வாலும் காக்கையும் சொந்தமா என்று கேட்டால் முழிப்பார்கள். இதற்கு நம்மிடமே ஒரு பழைய வழி இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஏட்டுச்சுவடிகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்துப் பாடபேதங்களைக் குறித்தாரே, அந்த வேலைதான் இது.

ஒரு தாளில் இந்த வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள்: 'பழைய கிணற்றின் ஓரம் வளர்ந்த புளிய மரத்தில் ஏழு கிளிகள் வாழைப்பழம் தின்றபடி மழைக்குக் காத்திருந்தன.' இரண்டு பிள்ளைகள் இதைப் பார்த்து இடது கையால் அவசரமாகப் படி எடுக்க வேண்டும் (இடதுகைக்காரர் வலது கையால்). அரை நிமிடம்தான். அந்த இரண்டு படிகளையும் தலைக்கு இரண்டு பேர் வீதம் நான்கு பேர் பார்த்து எழுதுவார்கள். அந்த நான்கைப் பார்த்து எட்டுப் பேர். ஆக மொத்தம் 14 பேர். யாருக்கும் தனக்குக் கொடுத்த தாளைத் தவிர வேறெதுவும் தெரியக் கூடாது, பிழை தெரிந்தாலும் திருத்தக் கூடாது. யார் எதைப் பார்த்து எழுதினார் என்று நீங்கள் மட்டும் குறித்துவையுங்கள்.

கடைசி எட்டுத் தாள்களை மட்டும் குலுக்கித் தரையில் பரப்புங்கள். எது எதோடு உறவு என்று குழுவாகக் கண்டுபிடிக்கட்டும். கொஞ்ச நேரத்தில் யாராவது சூத்திரத்தைப் பிடித்துவிடுவார்கள்: சரியாக இருக்கும் சொற்களால் பயனில்லை, அவை எல்லாத் தாளிலும் இருக்கின்றன. ஒரே பிழை எந்தெந்தத் தாள்களில் இருக்கிறதோ அவைதான் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 'வாழைப்பழம்' என்பதை ஒருவர் விட்டுவிட்டால் அவர் வழிவந்த எல்லாத் தாளிலும் கிளிகள் பட்டினிதான்.

அப்புறம் ஒரு சிக்கல் வரும், வந்தால் கொண்டாடுங்கள். 'மழை'யை 'மளை' என்று எழுதுவது நம் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. சம்பந்தமே இல்லாத இரண்டு கிளைகளில் அது தனித்தனியாக வந்திருக்கும். அப்படியானால் எந்தப் பிழையை நம்புவது? எல்லோரும் செய்கிற பிழையை நம்பக் கூடாது, அபூர்வமான பிழையை நம்பலாம். வவ்வாலுக்கும் காக்கைக்கும் இறக்கை தனித்தனியாக வந்தது 'மளை' மாதிரி என்று இப்போது சொன்னால் சட்டென்று புரியும்.

நம் உடம்பிலேயே ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது. மாடு, ஆடு, நாய் எல்லாம் வைட்டமின் சி-யைத் தாங்களே உடம்பில் செய்துவிடும், நெல்லிக்காய் தேவையில்லை. நமக்கு அதைச் செய்யும் மரபணு கெட்டுப்போய்க் கிடக்கிறது. சிம்பன்சிக்கும் ரீசஸ் குரங்குக்கும்கூட அதே மரபணு கெட்டுத்தான் கிடக்கிறது. கினிப்பன்றிக்கும் கெட்டிருக்கிறது, ஆனால் கெட்ட விதம் வேறு. அது தனியாக வந்த பிழை. எட்டுத் தாள்களை வைத்து மல்லுக்கட்டிய பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். முகத்தைப் பார்த்தாலே போதும்.

நான்காம் வாரம்: கோழி இறக்கையும் நம் கையும்

முந்தைய வாரமே வீடுகளில் கேட்டுக்கொள்ளுங்கள். இறைச்சி தொடாத வீட்டுப் பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே படங்களும் வவ்வால், திமிங்கில எலும்புப் படங்களும் தயாராக இருக்கட்டும்.

கறிக்கடையில் "இறக்கையைத் துண்டு போடாம, நுனியோட குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். வீட்டிலேயே வேகவைத்துச் சதையைக் களைந்து எலும்பைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோவது எளிது, சுத்தமும்கூட. பச்சைக் கறியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கறுப்பு அட்டையில் எலும்புகளைப் பழையபடி அடுக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் தங்கள் கையைத் தடவிப் பார்க்கட்டும். தோளிலிருந்து முழங்கை வரை ஒன்று, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு, அப்புறம் குட்டி எலும்புகள், விரல்கள். கோழிக்கும் ஒன்று, இரண்டு, அப்புறம் ஒட்டிப்போன மூன்று விரல்கள். ஆட்டின் முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு என்று சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பறக்க, நடக்க, எழுத என்று வேலை வெவ்வேறாக இருந்தும் எதற்கு ஒரே வரிசை? முந்தைய வாரத்து ஏட்டை எடுத்துக்காட்டினால் விடையை அவர்களே சொல்வார்கள்.

இதே நாளில் காய்கறிக் கடைக்கும் ஒரு நடை போகலாம். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், நூக்கோல், புரோக்கோலி நான்கையும் வாங்கி வந்து நான்கும் ஒரே இனம் என்று சொல்லுங்கள். ஒரு காட்டுச்செடியில் இலைமொட்டு பெரிதாக இருந்ததை விதைக்கு விட்டவர்களிடம் முட்டைக்கோஸ் வந்தது, தண்டு பருத்ததை விட்டவர்களிடம் நூக்கோல் வந்தது. நாட்டு நாய்களில் சிப்பிப்பாறையும் கோம்பையும் உருவான வழியும் இதுதான். இயற்கைத் தேர்வை விளக்கிய டார்வினே புறா வளர்த்தவர். 1859-இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலின் முதல் அத்தியாயத்தில் பக்கம் பக்கமாகப் புறாக்களைப் பற்றித்தான் எழுதினார்.

ஐந்தாம் வாரம்: 46 மீட்டர் கயிறு

பூமியின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். 46 மீட்டர் சணல் கயிறு எடுத்தால் ஒரு மீட்டருக்குப் பத்துக் கோடி, ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம், ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு லட்சம். எட்டுப் புடவைக்குமேல் நீளம் வரும். பள்ளி மைதானமோ நீளமான தெருவோ வேண்டும், வெயில் ஏறுவதற்குமுன் முடித்துவிடுங்கள்.

ஒரு முனையில் 'இன்று' என்று சீட்டு. அங்கிருந்து அளந்து துணி கிளிப்பால் சீட்டுகளைக் குத்துங்கள். உயிரின் பழைய தடயங்கள் 35 மீட்டரில். காற்றில் ஆக்ஸிஜன் சேரத் தொடங்கியது 24 மீட்டரில். விதவிதமான விலங்குகள் கடலில் பெருகியது 5.4 மீட்டரில், நிலத்தில் செடிகள் 4.7 மீட்டரில். டைனோசர்கள் 2.3 மீட்டரில் வந்து 66 சென்டிமீட்டரில் போய்விட்டன. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை ஆறேழு சென்டிமீட்டரில். நம் மனித இனம் 3 மில்லிமீட்டர். கீழடியும் சங்கப் புலவர்களும் ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட வரமாட்டார்கள்.

சீட்டு குத்துவதற்குமுன் ஒவ்வொன்றும் எங்கே வரும் என்று ஊகிக்கவைத்து அந்த இடத்தில் பிள்ளைகளை நிற்கவையுங்கள். டைனோசர் ஆசாமிகள் பெரும்பாலும் கயிற்றின் நடுவில் போய் நிற்பார்கள். அங்கிருந்து இருபது மீட்டர் நடந்து வந்தால்தான் சரியான இடம். அந்த நடைதான் பாடம்.

அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம் பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அரியலூர்ப் பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது; வாரணவாசி அருங்காட்சியகத்தில் அம்மோனைட் போன்ற கடலுயிர்ப் புதைபடிமங்களைப் பார்க்கலாம். கயிற்றில் அவை டைனோசர்களின் கடைசிக் காலத்தோடு சேரும். சாத்தனூரில் கல்லாகிப்போன மரம், திருவக்கரையில் கல்மரப் பூங்கா. திருவக்கரை மரங்கள் சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழமை, கயிற்றில் 20 சென்டிமீட்டர். பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு சில்லுகூட எடுத்துவரக் கூடாது என்று பேருந்தில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். படிமம் கையில் வேண்டுமென்றால் களிமண்ணில் கிளிஞ்சலை அழுத்தி எடுத்து, அந்தக் குழியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றிச் செய்துகொள்ளலாம். இறுகும்போது சூடாகும், விரலை உள்ளே விடக் கூடாது. மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

வரப்போகும் கேள்விகள்

"அப்ப குரங்கு ஏன் இன்னும் மனுஷனா மாறல?" இது கட்டாயம் வரும். சித்தப்பா மகன் இருக்கும்போது நீ எப்படி இருக்கிறாய் என்று திருப்பிக் கேளுங்கள். குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. தாத்தா பொதுவானவர், அவர் இன்று இல்லை.

"தசாவதாரமே பரிணாமம்தானே? மீன், ஆமை, பன்றி..." இதைப் பெரும்பாலும் அழைத்துப்போக வரும் பெரியவர்கள் கேட்பார்கள். நான் சண்டைக்குப் போவதில்லை. அது ஒரே வரிசையில் நடக்கும் கதை, நம் பிள்ளைகள் செய்தது கிளை பிரியும் மரம் என்று எட்டுத் தாள்களையும் எடுத்துக் காட்டுவேன். பார்த்துவிட்டு அவரவர் எண்ணத்தோடு போவார்கள். "சாமி படைக்கலையா?" என்று சின்னப் பெண் ஒருத்தி கேட்டால், வீட்டில் சொல்லித்தந்ததைப் பழித்துப் பேசாதீர்கள், மழுப்பவும் வேண்டாம். "உயிர்கள் எப்படி மாறி வந்தன என்பதற்கு நாம் எண்ணிப் பார்த்த சான்றுகள் இவை. சாமியைப் பற்றி வீட்டில் கேள்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். எந்தப் பிள்ளையும் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

"இது வெறும் கோட்பாடுதானே?" என்பவர்களுக்கு, நோய்கள் கிருமிகளால் வருகின்றன என்பதும் கோட்பாடுதான் என்று சொல்லுங்கள். கை கழுவாமல் யாரும் இருப்பதில்லை.

பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று பார்க்க வரையறை கேட்காதீர்கள், மனப்பாடம்தான் வரும். பழைய கேள்வியையே கொடுங்கள்: வயலில் புகையானுக்கு என்ன ஆயிற்று? நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். தப்பியது, வாரிசு, எண்ணிக்கை மூன்றும் விடையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'பழகிடுச்சு' என்று எழுதியவர்களைப் பெட்ஷீட்டுக்குத் திரும்ப அழைத்துப்போங்கள்.

அந்த ஏழாம் வகுப்புப் பையன் நான்கு வரி எழுதவில்லை. அதற்குப் பதில் ஒரு கேள்வி எழுதியிருந்தான்: "வயல்ல ஒரு மூலையில மருந்தே அடிக்காம விட்டா, மருந்தைத் தாங்காத பழைய புகையானும் அங்க மிஞ்சுமா? அதுவும் இதுவும் கலந்தா என்ன ஆகும்?" காய்ப்புழுவைக் கொல்லும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்தியின் விதைப்பொட்டலத்தோடு சாதாரண பருத்தி விதையையும் தனியாகக் கொடுத்து, ஓரத்தில் விதைக்கச் சொன்னது இதே கணக்கில்தான். அது அவனுக்குத் தெரியாது, நானும் உடனே சொல்லவில்லை. பெட்ஷீட்டின் ஒரு மூலையைச் சாக்பீஸால் கோடு கிழித்து, பறவைகள் அங்கே வரக் கூடாது என்று விதி வைத்து அடுத்த சனிக்கிழமை ஆடினோம். நீங்களும் ஆடிப் பாருங்கள். தலைமுறைக்குத் தலைமுறை எண்ணிக்கையை எழுதிவைக்க மறக்காதீர்கள், மின்விசிறியை அணைக்கவும்.